சுவர்ல ஷாக் அடிச்சா செலவு யாருக்கு?



சாரல் ஆரம்பிச்சா நமக்கெல்லாம் சந்தோஷம்தான். குற்றாலத்தில் தண்ணீர் விழும், சீசன் கடைகளில் வியாபாரம் நடக்கும், தென்காசி, இலஞ்சி, மேலகரம் எல்லாம் குளிர்ந்து கிடக்கும். ஆனால் அதே சாரல்தான் பழைய வீடுகளின் சுவரை ஊற வைக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாங்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரே மாதிரியான புகார் திரும்பத் திரும்ப வருகிறது. "சுவத்துல கை வச்சா சுரீர்னு அடிக்கி. வீட்டுக்காரர்ட்ட சொன்னா நீங்களே பாத்துக்கோங்கன்னு சொல்லுதாரு. நாங்க ஏன் அடுத்தவங்க வீட்டுக்குச் செலவழிக்கணும்?"

இந்தக் கேள்விக்கு இந்த இதழில் விளக்கமாகப் பதில் சொல்கிறோம். நம் உறுப்பினர்களில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு, கடன் வாங்கி ஒரு பத்தி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்குமே இது தேவை.

நடந்த ஒரு சம்பவம்

தென்காசியில் ஒரு வளவு. வரிசையாக நான்கு வீடுகள், எல்லாம் ஓட்டு வீடு. அதில் ஒன்றில் நம் குழு உறுப்பினர் ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறார். வாடகை 3,000 ரூபாய். குழுக்கடனில் ஒரு பெரிய கிரைண்டர் வாங்கி, இட்லி மாவு அரைத்து விற்கிறார். கடன் தவணையும் பள்ளிச் செலவும் அந்த மாவில்தான் ஓடுகிறது.

சாரல் தொடங்கி பத்து நாளில் அடுப்படிச் சுவரில் லேசாக ஷாக் அடித்தது. வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னார்.

"யம்மா, சுவரு அடிக்கி. ஆளை வச்சு பாக்கணும்."

"நீ கிரைண்டரு போட்டதுக்கு அப்புறந்தான அடிக்கி? அதுக்கு முந்தி இருந்தவுக ஒரு குறையும் சொல்லலியே. நீயே பாத்துக்கோ தாயி."

பேச்சு அதோடு நின்றது. இவருக்கும் கோபம். "அவங்க வீடு, அவங்கதான் செய்யணும்" என்று இருந்துவிட்டார். அடிக்கடி பியூஸ் போனது. பக்கத்து வீட்டுப் பையன் பியூஸ் கட்டையில் நாலைந்து செம்புக் கம்பியைச் சேர்த்து முறுக்கிக் கட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு பியூஸ் போகவே இல்லை. "சரியாப் போச்சு" என்று நினைத்தார்.

சரியாகவில்லை. ஒரு நாள் காலையில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்ட அவருடைய மூத்த மகளைத் தூக்கி எறிந்தது. நல்ல வேளை, பிள்ளை விலகி விழுந்தாள். கையில் சிறு காயத்தோடு தப்பினாள். கிரைண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தாய் கூட்டத்தில் சொல்லி அழுதபோது யாருக்கும் பேச்சு வரவில்லை.

"யார் செலவு" என்ற சண்டையில் வேலை நாற்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது. கரண்டுக்கு வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற வித்தியாசம் தெரியாது. அதனால் பொறுப்பு யாருக்கு என்று தெரிந்துகொள்வதும் அவசியம், அது முடிவாகும் வரை வேலையைத் தள்ளிப் போடாமல் இருப்பதும் அவசியம்.

மூன்று எல்லைகள்

வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் மூன்று பேருக்குப் பங்கு இருக்கிறது.

முதல் எல்லை: மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை. இது மின்வாரியத்தின் பொறுப்பு. கம்பத்திலிருந்து வரும் வயர் தொங்கினாலோ, மீட்டரில் பொறி பறந்தாலோ வயர்மேனைக் கூப்பிட்டுக் கைவைக்கச் சொல்லக் கூடாது. மீட்டர் சீலை யாரும் உடைக்கக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும், குடியிருக்கிற நீங்களே இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம்.

இரண்டாவது எல்லை: மீட்டருக்கு அப்புறம் சுவருக்குள்ளும் வெளியிலும் ஓடும் வயரிங். இது வீட்டுக்காரர் பொறுப்பு.

மூன்றாவது எல்லை: சுவிட்சு, பிளக் பாயிண்ட், நாம் மாட்டியிருக்கிற சாமான்கள். இது குடியிருப்பவர் பொறுப்பு.

சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறோம். சுவரோடு ஓடுவது வீட்டுக்காரருக்கு, கையால் தொட்டுப் போடுவது குடியிருப்பவருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை நாங்களாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. நகர்ப்புறப் பகுதிகளுக்கான சட்டம். தென்காசி, செங்கோட்டை போன்ற நகராட்சிகளிலும், குற்றாலம், இலஞ்சி, மேலகரம் போன்ற பேரூராட்சிகளிலும் வாடகைக்கு இருக்கும் உறுப்பினர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் எந்தப் பராமரிப்பு யாருக்கு என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை:
- கட்டடத்தின் பெரிய பழுதுகள் (குடியிருப்பவர் சேதப்படுத்தியது நீங்கலாக)
- சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட்
- தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது
- தேவைப்படும்போது உள் வயரிங், வெளி வயரிங், அதைச் சேர்ந்த பராமரிப்பு

குடியிருப்பவர் செய்ய வேண்டியவை:
- சுவிட்சு, பிளக் பாயிண்ட் பழுது
- சர்க்யூட் பிரேக்கர் பழுது
- மின்சாதனங்களைப் பழுது பார்ப்பது, மாற்றுவது (பெரிய வயரிங் வேலை நீங்கலாக)
- குழாயில் வாசர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கதவின் பூட்டு, கைப்பிடி மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள்

சர்க்யூட் பிரேக்கர் என்பது, கரண்டு அதிகம் போனால் "டக்"கென்று தானாக விழும் சுவிட்சு. இது நம் பக்கம் வருகிறது என்பது பல பேருக்குத் தெரியாது. "பல்பு போச்சு, சுவிட்சு உடைஞ்சிட்டு" என்பதற்கெல்லாம் வீட்டுக்காரரை எதிர்பார்க்க முடியாது. அதே மாதிரி "சுவர் அடிக்கி" என்று சொன்னால் "நீயே பாத்துக்கோ" என்று வீட்டுக்காரரும் சொல்ல முடியாது.

சுவர் ஏன் அடிக்கிறது?

பழைய வீடுகளில் வயரின் மேல் உறை வருஷக் கணக்கில் காய்ந்து வெடித்திருக்கும். வெயில் காலத்தில் சுவர் காய்ந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. சாரலில் சுவர் ஊறியதும், வெடித்த இடத்தில் கசிகிற கரண்டு ஈரச் சுவர் வழியாகப் பரவுகிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று நாம் தொட்டால், நம் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது.

எர்த் சரியாக இருந்தால், சாமானில் கசிகிற கரண்டு அந்த வயர் வழியாகப் பூமிக்குப் போய்விடும். மூன்று பின் பிளக்கில் நீளமாக, தடியாக இருக்கிற பின்தான் எர்த். அது பாயிண்டில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிட்டு இரண்டு பின்னாக மாட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உயிர் காக்கிற பின்னையே வெட்டிவிடுகிறோம்.

பியூஸ் கம்பி மெல்லிசாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கரண்டு அதிகமானால் சுவருக்குள் இருக்கிற வயர் சூடாகும் முன்னே அந்தக் கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தடித்த கம்பி கட்டினால் பியூஸ் உருகாது, வயர்தான் உருகும். ஆனால் பியூஸ் சரியாக இருந்தாலும், உடம்பில் பாய்கிற சிறு கசிவுக்கு அது போகாது. அதற்குத்தான் கசிவைக் கண்டு அணைக்கும் கருவி தேவை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கண நேரத்தில் கரண்டை நிறுத்திவிடும். வயரிங் மாற்றும்போது இதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

கிரைண்டர் யார் கணக்கு?

இங்கேதான் சண்டை வருகிறது. அந்த வீட்டுக்காரம்மா சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. வெளிச்சத்துக்கும் ஃபேனுக்கும் போட்ட மெல்லிய வயரில் பெரிய கிரைண்டர் மோட்டாரை ஓட்டினால் தாங்காது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் 746 வாட். கிளம்பும் நேரத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதற்குத் தனியாகத் தடித்த வயரும் பவர் பிளக்கும் வேண்டும்.

ஆகவே கிரைண்டர், தையல் மோட்டார், மாவு மில் மாதிரி தொழில் சாமான் வாங்கும் உறுப்பினர்கள் கடன் மனு எழுதும்போதே மூன்று காரியம் செய்ய வேண்டும்:

1. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.
2. தனி பவர் லைன் போடும் செலவையும் கடன் தொகையில் சேர்த்துக் கேளுங்கள். நம் தொழிலுக்காகப் புதிதாகப் போடும் லைன் நம் செலவு என்று பேசிக்கொள்வதுதான் நியாயம்.
3. வியாபாரத்துக்கு என்றால் எந்தக் கட்டணம் பொருந்தும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். பின்னால் அபராதம் என்று வந்தால் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். உறவு கெட்டுப் போகும்.

சொல்லியும் செய்யவில்லை என்றால்?

வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. எழுத்தில் கொடுங்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா / அம்மா, நான் தங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ..... தேதி முதல் அடுப்படிச் சுவரில் மின்கசிவு இருக்கிறது. இது உள் வயரிங் பழுது என்று வயர்மேன் பார்த்துச் சொல்லியிருக்கிறார். உத்தேசச் செலவு ..... ரூபாய். உயிருக்கு ஆபத்து என்பதால் ..... தேதிக்குள் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், அனுப்பியதற்கும் அவருக்குச் சேர்ந்ததற்கும் ஆதாரம் கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். வயர்மேன் எழுதிக் கொடுத்த செலவுச் சீட்டையும், பழுதான இடத்தின் போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள். வயர்மேன் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்.

அதற்கும் அவர் மறுத்தால், குடியிருப்பவரே வேலையைச் செய்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள 2017 சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது மாத வாடகையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வாடகை 3,000 என்றால் மாதம் 1,500-க்கு மேல் கழிக்க முடியாது. "செலவு ஆயிட்டு, ரெண்டு மாசம் வாடகை கிடையாது" என்று நிறுத்துவது தவறு. வாடகை பாக்கி என்று அவர் நம் மேல் வழக்குப் போட அதுவே காரணமாகிவிடும்.

இதே மாதிரி, குடியிருப்பவர் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால் வீட்டுக்காரர் அதைச் செய்துவிட்டு அட்வான்சில் பிடித்துக்கொள்ளலாம். சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு

கிராம ஊராட்சிகளில் குடியிருக்கும் சகோதரிகளுக்கும் வழி இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்று சொல்கிறது. இதற்கும் எழுதிக் கொடுத்த கடிதம்தான் ஆதாரம்.

ஒத்திக்கு இருப்பவர்களுக்கு மாத வாடகை கிடையாது, அதனால் கழிக்கவும் ஒன்றும் இருக்காது. ஒத்திப் பத்திரம் எழுதும்போதே வயரிங் செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

"கரண்டைக் கட் பண்ணிருவேன்" என்றால்

பழுதைக் கேட்டதற்கோ, வாடகைத் தகராறிலோ வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைப்பது, பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவது உண்டு. இதை 2017 சட்டம் தடை செய்கிறது. மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தானாகவோ, ஆள் வைத்தோ நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். உடனே வசதியைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். உங்கள் பகுதிக்கு யார் என்று தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். முன்பெல்லாம் இதற்குத் திருநெல்வேலி வரை பஸ் ஏற வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாக ஆன பிறகு அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வீடு விட்டிருக்கும் உறுப்பினர்களுக்கு

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அதில் எத்தனை ஃபேன், எத்தனை பாயிண்ட், வயரிங் எப்படி இருக்கிறது என்று எழுதிவிட்டால் பின்னால் "இது முன்னயே உடஞ்சது, நீ உடச்சது" என்ற பேச்சு வராது. வருஷம் ஒரு முறை, சாரலுக்கு முன் மே மாதத்தில், வயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள். சின்னப் பழுதாக இருக்கும்போதே பார்த்தால் சின்னச் செலவோடு முடியும். வாடகைக்கு விட்ட வீட்டில் ஒரு உயிர் போனால், எத்தனை வருஷ வாடகையாலும் அதை ஈடு செய்ய முடியாது.

அந்த வளவு வீடு என்ன ஆச்சு?

குழுவின் ஊக்குநரும் நாங்களும் அந்த உறுப்பினரோடு வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனோம். சண்டை போடப் போகவில்லை, வயர்மேனையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பார்த்துச் சொன்னது இதுதான்: அடுப்படி லைன் வயர் உறை உதிர்ந்துவிட்டது, அந்த லைனுக்கு எர்த்தே இழுக்கவில்லை. பிளக் பாயிண்ட் கருகியது கிரைண்டர் போட்டதால். வயரிங், எர்த் இரண்டுக்கும் 5,400 ரூபாய். பாயிண்டுக்கும் கிரைண்டர் லைனுக்கும் 1,600 ரூபாய்.

வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகும்னு நான் நெனச்சேனா? ஆனா எனக்கு இந்த வாடகைதான் மருந்து மாத்திரைக்கு. மொத்தமா எங்க போவேன்?"

அவர் கணவர் இல்லாதவர். அவர் சொன்னதும் உண்மைதான். கடைசியில் இப்படி முடிவானது. உறுப்பினர் குழுவில் உள்கடன் வாங்கி வேலையை உடனே முடிப்பது. 1,600 அவர் பங்கு. 5,400-ஐ மாதம் 900 வீதம் ஆறு மாதம் வாடகையில் கழிப்பது. சட்டப்படி 1,500 வரை கழிக்கலாம், ஆனால் அந்த அம்மாவின் மருந்துச் செலவுக்காக 900 போதும் என்று நம் உறுப்பினரே சொன்னார். உள்கடன் வட்டியையும் அவரே ஏற்றுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் வேலை முடிந்தது. இன்றைக்கும் அதே வீட்டில்தான் மாவு அரைக்கிறார்.

உடனே கவனிக்க

- சுவரோ, சாமானோ ஷாக் அடித்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். வயர்மேன் வந்து பார்க்கும் வரை போடாதீர்கள்.
- ஒருவரைக் கரண்டு பிடித்துக்கொண்டால் கையால் தொட்டு இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.
- ஈரக் கையோடும் வெறுங்காலோடும் கிரைண்டர், மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள்.
- இரும்புக் கம்பிக் கொடியை மின்கம்பத்திலோ சர்வீஸ் வயர் பக்கத்திலோ கட்டாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம்? எழுத்தில் ஒப்பந்தம் இருப்பது எத்தனை பேருக்கு?
2. யார் வீட்டில் இப்போது சுவர் அடிக்கிறது, பியூஸில் தடித்த கம்பி இருக்கிறது?
3. மின் பழுதுக்கு அவசர உள்கடன் கொடுக்க நம் குழுவில் தீர்மானம் போடலாமா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் எங்கள் களப்பணியாளர்கள் வரும்போது கேளுங்கள். வயர்மேன் வேண்டுமென்றாலும், கடிதம் எழுத உதவி வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.